வளராத அக்கா

பழைய ரீல் வாங்கி விற்கிறவர்கள் நடுவே அவளுக்கு மூக்கம்மா என்று பெயர். மூக்கு ஒன்றும் பெரியதில்லை. டப்பாவைத் திறந்ததும் மற்றவர்கள் கண்ணைக் கொண்டுபோவார்கள், அவள் மூக்கைக் கொண்டுபோவாள், அவ்வளவுதான். பிலிம் கெட ஆரம்பித்தால் முதலில் வினிகர் வாடை அடிக்கும். அப்புறம்தான் சுருங்கும், வளையும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒரே முகர்வில் இது தாங்கும், இது தாங்காது என்று சொல்லிவிடுவாள். சொன்னால் சொன்னதுதான். அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் என்று சொல்வது அவர்களுடைய பெருந்தன்மை.

டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகள் அவளுடையவை. முன்னறையில் வெளிச்சப் பெட்டி பதித்த மேசை, அதன் இரு பக்கமும் கையால் சுற்றும் சக்கரங்கள், கண்ணில் வைத்துப் பார்க்க ஒரு சின்ன லென்ஸ். பின்னறையில் புரொஜக்டர். அதன்மேல் எப்போதும் ஒரு பழைய துண்டு கிடக்கும். சுருங்கிய பிலிமைப் புரொஜக்டரில் மாட்டினால் அதன் பற்கள் ஓரத்துத் துளைகளைக் கிழித்துவிடும், போனால் போனதுதான். ஆகவே அவள் எதையும் ஓட்டிப் பார்ப்பதில்லை. சுற்றிக்கொண்டே போவாள், வேண்டிய இடத்தில் நிறுத்தி லென்ஸ் வைப்பாள். ஊரார் வீட்டுச் சந்தோஷங்களையெல்லாம் அசையாத படங்களாகவே பார்த்துப் பழகியவள். ஓடுகிற குழந்தை அவளுக்கு ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற குழந்தை.

விலை போவது தெருவும் பேருந்தும் கடைப் பலகையும்தான். பழைய காலத்தைக் காட்ட வேண்டிய சினிமாக்காரர்கள் அவற்றைத்தான் கேட்பார்கள். கேக் ஊதும் பிள்ளைகளை யாரும் சீந்த மாட்டார்கள். இதைக் கேட்டதும் ரீல் கொண்டுவந்தவர்களின் முகம் விழுந்துவிடும். உங்கள் அப்பா உங்களைக் கொஞ்சம் குறைவாக எடுத்துவிட்டு வாசலைக் கூடுதலாக எடுத்திருக்கலாம் என்று வேறு சொல்லி வைப்பாள். நாக்கு அப்படி.

ஒருநாள் காலையில் கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் வந்தார். அறுபதைத் தாண்டியவர், மூக்குக்கண்ணாடி செய்து விற்கும் கடை வைத்திருப்பவர். அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாக மாடியேற்றினார். அத்தனையையும் இடது கையாலேயே இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஏற்றினார். வலது கை, விரல்கள் அரைகுறையாக மடங்கி, சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. பக்கவாதம் போலிருக்கிறது என்று நினைத்த மூக்கம்மா, கை வராதா என்று நேராகவே கேட்டுவிட்டாள்.

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. சின்ன வயசுலேர்ந்தே இந்தக் கையில எதையும் தூக்கமாட்டேன். பழக்கம்" என்றார் அவர், கோபப்படாமல்.

அவருடைய அம்மா சமீபத்தில் இறந்துவிட்டார். வீட்டைக் காலி செய்யும்போது, அவர் பிள்ளையாக இருந்தபோதே பூட்டிய ஓர் அலமாரி திறந்தது. உள்ளே அப்பா எடுத்த ரீல்கள். அப்பா வங்கியில் வேலை பார்த்தவர், கையில் கேமரா இல்லாமல் வாசல் தாண்டாதவர். அப்பா போய் எத்தனையோ காலமாயிற்று. அம்மா கடைசிவரை அந்தச் சாவியைக் கொடுக்கவில்லை.

எல்லாவற்றையும் விற்றுவிடலாம், ஒரே ஒரு நிபந்தனை என்றார். அவருக்கு ஓர் அக்கா இருந்தாள், ஆறு வயதில் போய்விட்டாள். அவள் இருக்கிற ரீல் ஒன்றுகூட வெளியே போகக்கூடாது.

"வீட்டுல அவ போட்டோ ஒண்ணுகூட கிடையாது. பேச்சை எடுத்தாலே அம்மா எழுந்து உள்ள போயிடுவாங்க. எங்கிட்ட இருக்கிறதெல்லாம் என் ஞாபகம்தான். அதுவும் இப்ப மங்கிக்கிட்டே வருது மேடம். அவளை ஒரு தடவை பார்த்துட்டா போதும்" என்றார்.

மூக்கம்மாவுக்கு இந்தக் கண்ணீர்க் கதைகளெல்லாம் காது புளித்துப் போனவை. ஆனாலும் அடையாளம் தெரியாமல் பிரிக்க முடியாது. அக்கா எப்படி இருப்பாள் என்று கேட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். கழுத்தில் லேஸ் வைத்த வெள்ளை ஃபிராக், நாடா கட்டிய துணித் தொப்பி. வீட்டுக் கதவிலிருந்து படியிறங்கி, தோட்டப் பாதையில் வாசல் கேட்டு வரைக்கும் நடந்துபோவாள், திரும்பி நின்று கையாட்டுவாள். அப்பா அதைச் சுவரில் ஓட்டிக் காட்டியது நினைவிருக்கிறது. அதுபோக இன்னொன்றும் நினைவிருக்கிறது. அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொள்வாள். அந்தப் பிடி கொஞ்சம் ஜில்லென்று இருக்கும்.

"உங்களைவிட ரொம்பப் பெரியவளா?"

"அக்கான்னுதான் சொல்லுவாங்க. ஆனா ரெண்டு பேரும் ஒரே உயரம்" என்றார்.

அக்கா எப்படித் தம்பியின் உயரத்தில் இருப்பாள் என்று அப்போது அவளுக்குத் தோன்றாமல் இல்லை. பிள்ளை ஞாபகம் அப்படித்தான் குழப்பும் என்று விட்டுவிட்டாள்.

வேலை தொடங்கியது. பெரும்பாலான டப்பாக்கள் வாடை அடித்தன. மூக்கைச் சுளித்துக்கொண்டே அவற்றை ஒரு பக்கமும், நல்லவற்றை மறுபக்கமும் வைத்தாள். பிறகு காலவரிசை. பிலிமின் ஓரத்தில், துளைகளுக்குப் பக்கத்தில், அதைச் செய்த கம்பெனி பொடிப்பொடியாகக் குறி போட்டிருக்கும்: வட்டம், சதுரம், முக்கோணம், கூட்டல் குறி. எந்தக் குறி எந்த வருஷம் என்பது அவளுக்கு மனப்பாடம். இருபது வருஷத்துக்கு ஒருமுறை அதே குறிகள் திரும்பி வரும் என்பதுதான் ஒரே தொல்லை. தொழிலுக்குப் புதிதில் தாத்தாவையும் பேரனையும் ஒரே ஆளாக்கி விலை சொல்லி மானம் போயிற்று. அதிலிருந்து சட்டைக் காலர், வண்டி விளக்கு, பெண்களின் தலைவாரல் எல்லாவற்றையும் வைத்துச் சரிபார்த்த பிறகுதான் வாயைத் திறப்பாள். ஒன்று மட்டும் எப்போதும் மாறாது. செய்த வருஷத்துக்குப் பிறகு அந்த பிலிமில் எப்போது வேண்டுமானாலும் படம் எடுக்கலாம். அதற்கு முன்னால் எடுக்க முடியாது.

அக்கா சீக்கிரமே அகப்பட்டாள். தவழ்ந்தாள், நின்றாள், பல் விழுந்த வாயைத் திறந்து சிரித்தாள். இடது புருவத்தின் நடுவில் முடி முளைக்காத ஒரு கோடு, எங்கேயோ இடித்துக்கொண்ட தழும்பு. நேராகக் கேமராவைப் பார்க்கிற, பயமே இல்லாத முகம். மூக்கம்மாவுக்கே அவளைப் பிடித்துப்போயிற்று. ஒரு ரீலில் அவள் வெள்ளை ஃபிராக்கில் நின்றாள், பக்கத்தில் அம்மா, அம்மா மடியில் கைக்குழந்தை. கைக்குழந்தைதான் நம் கண்ணாடிக் கடைக்காரர் என்று எண்ணி மூக்கம்மா தனக்குள் சிரித்துக்கொண்டாள். அந்த மொட்டைத் தலை இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

அடுத்த குறி போட்ட ரீலில் குழந்தை தவழ்ந்தது. அக்கா இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. பையன் நடந்தான், சைக்கிள் ஓட்டினான், பள்ளிக்கூடப் பை மாட்டினான். வருஷங்கள் போயின, அந்தத் தோட்டத்தில் பையன் மட்டும்தான். பிறகு, அவன் ஆறு வயதுப் பையனாக ஆகியிருந்த வருஷத்துக் குறியோடு நாலைந்து ரீல்கள். மூக்கம்மா சுற்றிக்கொண்டே வந்தவள் சட்டென்று கையை எடுத்துவிட்டாள்.

அக்கா திரும்பி வந்திருந்தாள். அதே ஃபிராக், அதே தொப்பி. கதவிலிருந்து கேட்டு வரை நடந்துகொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு விரற்கடைகூட வளரவில்லை.

கீழே டயர் கடையில் யாரோ சம்மட்டியால் இரும்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். பட்டப்பகல்தான். இருந்தும் மூக்கம்மா எழுந்து விளக்கைப் போட்டாள். குறியை மறுபடி பார்த்தாள். இருபது வருஷக் குழப்பமாக இருக்குமோ என்று நப்பாசை. அதற்கும் வழியில்லை. படியில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு முன்தலையில் நரை விழுந்திருந்தது, முன்னே குச்சியாக நின்ற கேட்டோரத்து மரம் இப்போது கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. மரத்தைப் பொய் சொல்ல வைக்க முடியாது.

லென்ஸை அழுத்தி வைத்து ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். அப்போதுதான் விஷயம் மெல்ல மெல்லப் பிடிபட்டது. குழந்தையின் முகம் எங்குமே சரியாகத் தெரியவில்லை, தொப்பியின் நிழல் விழுந்திருந்தது. முழங்காலில் சிராய்ப்பு, அதே சிராய்ப்பு முந்தின ரீலில் சைக்கிளிலிருந்து விழுந்த பையனிடம் இருந்தது. கேட்டருகே திரும்பிக் கையாட்டும்போது தூக்கியது இடது கை.

மூக்கம்மா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். மகளைப் பறிகொடுத்த வீடு. மகன் அந்த வயதை எட்டியதும், எடுத்து வைத்திருந்த ஃபிராக்கை அவனுக்குப் போட்டுவிட்டு, தொப்பியைக் கட்டி, நடந்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா படியில் உட்கார்ந்து, கைகளை மடியில் போட்டுக்கொண்டு, அந்தச் சின்ன முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாவின் முகத்தில் மூக்கம்மா லென்ஸை வைத்தாள். யாரையும் எளிதில் மன்னிக்காதவள், அந்த அம்மாவை மட்டும் அங்கேயே மன்னித்துவிட்டாள்.

ஆனால் அந்த மனிதர்? அக்கா என்று அவர் நெஞ்சில் பொத்தி வைத்திருப்பது அவரையேதான். சுவரில் ஓடியதை உட்கார்ந்து பார்த்த பையன், அதில் நடப்பவளை அக்கா என்று நம்பியிருக்கிறான். உண்மையான அக்கா போனபோது அவர் கைக்குழந்தை. அவளைப் பற்றி அவருக்கு எள்ளளவு ஞாபகமும் இருக்க வழியில்லை.

அந்த வருஷத்து ரீல்களில் கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது. அதைத் திறந்து முகர்ந்தாள். வாடையே இல்லை. வினிகர் வாடை மட்டுமல்ல, பழைய தகரத்தின் வாடைகூட இல்லை. நேற்றுக் கழுவிச் சுற்றியதுபோல் பிலிம் வழவழவென்று இருந்தது. வேகமாக ஒருமுறை சுற்றிவிட்டாள். சுவரோரம் இரண்டு பிள்ளைகள், ஒன்று அரைக்கால்சட்டையில், ஒன்று ஃபிராக்கில், கைகோத்தபடி. அவள் அசரவில்லை. இது தொழிலில் சகஜம். அந்தக் காலத்து வீட்டுக் கேமராவில் ஒரே பிலிமைத் திருப்பிப் போட்டு இரண்டு முறை ஓட்டுவார்கள், பாதிப் பாதியாகப் படம் விழும். திருப்புவதில் தப்பு நேர்ந்தால் ஏற்கெனவே படம் விழுந்த பாதியிலேயே மறுபடி விழும். பிறந்தநாள் கேக்கின் மேல் பேருந்து ஓடும், மாமாவின் வயிற்றுக்குள் அலை அடிக்கும். வீட்டில் பேய் இருக்கிறது என்று சத்தியம் செய்துகொண்டு வருகிறவர்கள் எத்தனையோ பேரை அவள் இதைச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். இந்த அப்பா தெரிந்தே செய்திருப்பார். முதலில் பையனை அவன் உடையில் எடுத்து, பிறகு அதே பையனை ஃபிராக்கில் எடுத்து, இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து நிற்கிற மாதிரி ஒரே ஒரு படம். பாவம். நல்ல நிலையில் இருக்கிற ரீலை லென்ஸ் வைத்துச் சோதிக்க யாரும் மெனக்கெடுவதில்லை. மூடி நல்லவற்றோடு வைத்துவிட்டாள்.

அதற்குப் பிந்தைய குறி போட்ட ரீல் ஒன்றுகூட அந்தப் பெட்டிகளில் இல்லை. அந்த அப்பா அதோடு கேமராவை விட்டுவிட்டார் போலும்.

ரீல்களைக் கேட்டிருந்த சினிமாக்காரர் மறுநாள் தொலைபேசியில் கூப்பிட்டார். மாதிரிக்கு அனுப்பிய படங்களில் கேட்டுக்குப் போகும் பெண்குழந்தையைப் பார்த்துவிட்டாராம். முதுகைப் பார்த்தாலே என்னவோ செய்கிறது, அது இல்லாமல் மற்றவை வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தார். அது விற்பனைக்கு இல்லை, மாதிரியில் கலந்தது என் கைத்தவறு என்றாள் மூக்கம்மா. அவர் விலையை ஏற்றிக்கொண்டே போனார். அவளும் பிடி கொடுக்காமல், கடைசியில் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

கண்ணாடிக்காரரிடம் ஒன்றும் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தாள். தொழிலுக்குப் புதிதில் செய்த அந்த ஒரு தப்புக்குப் பிறகு எந்த ரீலுக்கும் தவறான வருஷம் சொல்லாதவளுக்கு அது லேசான முடிவு இல்லை. அக்கா இருக்கிற ரீல்கள் இவை என்று ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிடலாம், அவர் பார்த்து அழட்டும், யாருக்கு நஷ்டம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

அவர் பிற்பகலில் வந்தார், நல்ல சட்டை போட்டுக்கொண்டு, முகம் மழித்து. யாரையோ சந்திக்க வருகிறவர் மாதிரி. பையை வாங்கிக்கொள்ளவில்லை.

"ஒரே ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க. கேட்டுக்கு நடந்து போறது. கிழிஞ்சா கிழிஞ்சுட்டுப் போகட்டும்" என்றார்.

மூக்கம்மா என்னென்னவோ சொல்லித் தட்டிக்கழிக்கப் பார்த்தாள். பலிக்கவில்லை. பின்னறையில் துண்டை எடுத்துவிட்டு, ஜன்னல் கதவைச் சாத்தி, புரொஜக்டரில் ரீலை மாட்டினாள்.

வெள்ளைச் சுவரில் கதவு திறந்தது. குழந்தை படியிறங்கிற்று. அசையாத படமாக எத்தனையோ தடவை பார்த்ததுதான், இருந்தும் அது நடக்க ஆரம்பித்தபோது மூக்கம்மாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. குழந்தை அவசரப்படவில்லை. ஒவ்வொரு அடியையும் யாரோ சொல்லிக்கொடுத்தபடி எடுத்து வைத்தது. பாதி வழியில் தொப்பிக்குக் கீழே கையை விட்டுக் கழுத்தைச் சொறிந்தது.

"அந்த லேஸ் குத்தும்" என்றார் கண்ணாடிக்காரர், இருட்டில், தனக்குத்தானே பேசுகிறவர்போல. "பின் கழுத்துல ஊசி மாதிரி குத்தும். சொறியாதன்னு அம்மா..."

அதோடு நிறுத்திவிட்டார். அவருடைய இடது கை பின்கழுத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. சுவரில் குழந்தை கேட்டருகே போய், திரும்பி, இடது கையை ஆட்டியது. ரீல் முடிந்து வெறும் வெளிச்சம் விழுந்தது. சக்கரம் மட்டும் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"அது எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

இதற்கு மேல் மறைப்பது அநியாயம் என்று மூக்கம்மாவுக்குப் பட்டது. விளக்கைப் போட்டு, அவரை முன்னறைக்கு அழைத்துவந்து, நாற்காலியில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். குறிகளை, சிராய்ப்பை, நரை விழுந்த அம்மாவை. அக்கா போனபோது அவர் வெறும் கைக்குழந்தை என்பதை. நாக்கு நீளமானவள்தான், அன்றைக்கு ஒவ்வொரு வார்த்தையையும் பொறுக்கிப் பொறுக்கிப் பேசினாள்.

அவர் அழவில்லை. முகம் மட்டும் காலியாகிவிட்டது.

"அப்ப எனக்கு அவளைத் தெரியவே தெரியாது" என்றார். தன் வலது கையைப் பார்த்து, "என் கையைப் பிடிச்சது யாரு?" என்று கேட்டார்.

ரீலில் பார்த்ததுதான் ஞாபகமாகிவிட்டிருக்கும் என்றாள் அவள். அதற்கும் ஒரு ரீல் இருக்கிறது, அப்பா இரண்டு முறை படம் பிடித்து ஒன்றாக்கியது என்று விளக்கினாள். அவர் நம்பாமல் பார்த்தார். இப்படிப் பார்க்கிறவர்களுக்கு நிரூபித்துக் காட்டுவது அவளுக்குப் பழக்கம். அந்த வாடையில்லாத ரீலைச் சக்கரத்தில் மாட்டி, பிள்ளைகள் வரும் இடத்தில் நிறுத்தி, லென்ஸை அவரிடம் கொடுத்தாள். இரண்டு முறை பிடித்த படத்தில் ஆட்கள் கெட்டியாக இருக்க மாட்டார்கள், பின்னால் இருக்கிற சுவர் அவர்களுக்குள்ளே தெரியும், செங்கல் கோடுகளை மட்டும் பாருங்கள் என்றாள்.

லென்ஸ் அவருக்குப் புதிதா என்ன. இடது கையால் வாங்கி, கண்ணில் பொருத்தி, குனிந்தார். நெடுநேரம் குனிந்திருந்தார்.

"கோடு எங்க உடம்புல எங்கயும் தெரியலையே" என்றார். "ரெண்டு பேருமே கெட்டியாத்தான் இருக்கோம். அவ நிழல் என் கால்மேல விழுந்திருக்கு."

மூக்கம்மா சிரிக்கப் போனாள். லென்ஸை வாங்கிப் பார்த்தாள்.

செங்கல் கோடுகள் பையனின் தோளோடு நின்றன. ஃபிராக்கின் ஓரத்தோடு நின்றன. வெயில் பக்கவாட்டிலிருந்து விழ, ஃபிராக் போட்டவளின் நிழல் பையனின் முழங்கால் சிராய்ப்பின்மேல் சாய்ந்து கிடந்தது. இரண்டு தடவை எடுத்த படத்தில் ஒருத்தியின் நிழல் இன்னொருவன்மேல் விழ முடியாது. ஒரே தடவையில், ஒரே வெயிலில், இரண்டு பிள்ளைகள். கால்சட்டைப் பையனுக்கு மொட்டைத் தலை, அவனை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஃபிராக் போட்டவள் இந்த முறை தொப்பி போட்டிருக்கவில்லை. நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள், பல் விழுந்த வாயோடு, பயமே இல்லாமல். இடது புருவத்தின் நடுவில் முடி முளைக்காத கோடு.

ஓரத்துக் குறியை அவள் பார்த்தாள், பார்க்காமலே தெரிந்திருந்தும். பையனுக்கு ஆறு வயதான வருஷம்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. அந்த அப்பா இதைக் கழுவி வாங்கிவந்து, இருட்டில் உட்கார்ந்து சுவரில் ஓட்டிய நேரம் அவள் கண்முன் வந்தது. பக்கத்தில் அம்மாவும் இருந்திருப்பாள். படம் எடுக்கும்போது அங்கே தனியாக நின்ற பையனை அவர்கள் இரண்டு பேரும் பார்த்திருப்பார்கள். அதற்குப் பிறகுதான் கேமரா அலமாரிக்குள் போயிற்று. அக்கா பேச்சை எடுத்தாலே அம்மா எழுந்து உள்ளே போனதும் அதற்குப் பிறகுதான்.

"வந்திருக்கா" என்றார் கண்ணாடிக்காரர்.

மூக்கம்மா பயந்துபோய் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பயப்பட வேண்டிய அந்த மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் முட்ட, பல வருஷத்துக் கணக்கு நேராகிவிட்டவர்போல, நிம்மதியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கேட்டுக்குப் போறதையெல்லாம் வித்துடுங்க மேடம். அது நான்தானே. எனக்கு இது ஒண்ணு போதும்."

டப்பாவை இடது கையில் வாங்கிக்கொண்டார். அவள் காகிதத்தில் சுற்றித் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றார். இதற்கு என்ன வருஷம் என்று கேட்டார். எந்த ரீலுக்கும் கேட்ட மாத்திரத்தில் வருஷம் சொல்லும் மூக்கம்மாவுக்கு வாய் வரவில்லை, தெரியவில்லை என்று தலையை ஆட்டினாள். தொழிலில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் படியிறங்கும் சத்தம் கேட்டது. மெதுவாக, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, நின்று நின்று இறங்கினார். ஏறும்போது அவர் அப்படி ஏறவில்லை. மூக்கம்மா ஜன்னலுக்குப் போனாள். போகாமல் இருந்திருக்கலாம்.

டயர் கடை வாசலைத் தாண்டி அவர் தெருவோரத்துக்கு வந்தார். டப்பா இடது கக்கத்தில் இருந்தது. வலது கை, அந்த எதையும் தூக்காத கை, உடம்பிலிருந்து சற்று விலகி, விரல்கள் மடங்கி, கீழே எதையோ பிடித்திருக்கிற மாதிரி இருந்தது. தெரு நிறைய வண்டிகள். அவர் நின்றார். வலது பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். வண்டிகள் வழி விட்டதும், சின்னச் சின்ன அடியாக எடுத்து வைத்து, தெருவைக் கடந்து போனார்.